சும்மா நின்ற மூன்று வருடங்கள்

மில்வாக்கியிலிருந்து வடக்கே 43-ஆம் எண் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் கிரீன் பே வந்துவிடும். மிச்சிகன் ஏரி வலப்பக்கம் கூடவே வருகிறது என்று வரைபடம் சொல்கிறது. கண்ணுக்குத் தெரிவதென்னவோ சோளக்கொல்லைகளும் பால்மாட்டுப் பண்ணைகளும்தான். ஃபாக்ஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் காகித ஆலைகளின் புகைபோக்கிகள் தெரிந்தன. பெரிய கட்டடங்கள் இல்லாத, அடக்கமான ஊர். அந்தத் தட்டையான கூரைகளுக்கு நடுவே ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல் லாம்போ ஃபீல்ட் மைதானம் நின்றது. ஊரின் மக்கள்தொகை சுமார் 1,07,000. மைதானத்தின் இருக்கைகள் 81,441.

2025 ஆகஸ்ட் முதல் வாரம். கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சி முகாம் நடந்துகொண்டிருந்தது. மைதானத்திலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரருக்கு 74 வயது. காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு காகிதம் மாட்டியிருந்தார். பேக்கர்ஸ் அணியின் பங்குப் பத்திரம். 1997-இல் வாங்கியது.

"இதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வராது. விக்கவும் முடியாது. பிள்ளைகளுக்கு வேணும்னா எழுதி வைக்கலாம்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் சொந்த நிலத்தைக் காட்டுகிறவரின் களை இருந்தது.

அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக்கில் 32 அணிகள். அவற்றில் 31 அணிகள் கோடீஸ்வரர்களுக்கோ அவர்கள் குடும்பங்களுக்கோ சொந்தம். பேக்கர்ஸ் மட்டும் 5,30,000-க்கும் அதிகமான பங்குதாரர்களுக்குச் சொந்தம். லாபப் பங்கு இல்லாத பங்கு. 1923-இல் தொடங்கி ஆறு தடவை விற்றிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் அணியைக் காப்பாற்றவோ மைதானத்தைப் பெரிதாக்கவோ. பருவச் சீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் 1,40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. குழந்தை பிறந்ததும் அந்தப் பட்டியலில் பெயர் எழுதிவைப்பது இங்கே வழக்கம். வீட்டுக்காரரும் தன் பேத்திக்கு அப்படி எழுதியிருக்கிறார்.

ஒரே ஒரு கேள்விக்காகத்தான் நான் இந்த ஊருக்கு வந்தேன். மில்வாக்கியில் வேலை பார்த்த நாட்களில் மனதில் புகுந்து, பிறகு வெளியேறவே மறுத்த கேள்வி அது. 1992-லிருந்து 2025 வரை 33 வருடங்களில் இந்த அணிக்கு நிலையான குவார்ட்டர்பேக் என்று மூன்றே பேர்: பிரெட் ஃபார்வ், ஆரன் ரோஜர்ஸ், ஜோர்டன் லவ். அதே காலத்தில் தெற்கே இருக்கும் சிகாகோ அணி டஜன் கணக்கில் ஆட்களை மாற்றிவிட்டது. ஒருவர் உச்சத்தில் இருக்கும்போதே அவருக்கு அடுத்தவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? தேர்ந்தெடுத்தவரை எப்படிக் காத்திருக்க வைக்கிறார்கள்?

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்குக் குவார்ட்டர்பேக் யார் என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தாக்கும் அணியின் ஒவ்வொரு ஆட்டமும் அவர் கையில் பந்து வருவதோடுதான் தொடங்கும். எதிரே ஆளுக்கு 120, 130 கிலோ எடையுள்ள நான்கைந்து பேர் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவார்கள். அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று வினாடி. அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஐந்து பேரில் யாருக்கு இடம் கிடைக்கும் என்று கணித்து எறிய வேண்டும். அணியில் 53 பேர் இருந்தாலும் இந்த இடத்தில் ஆடுவது ஒருவர் மட்டுமே. மற்ற இடங்களில் இளைஞர்களை, கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் மாற்றிப் பந்துவீச விடுவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். இங்கே முடியாது. முதல் ஆள் காயப்படும்வரை இரண்டாம் ஆள் ஓரத்தில் நிற்க வேண்டும். வாரக்கணக்கில், வருடக்கணக்கில்.

மறுநாள் காலை வீட்டுக்காரரும் நானும் பயிற்சி பார்க்கக் கிளம்பினோம். வழியெல்லாம் தெருப்பெயர்கள் சரித்திரம் சொல்லிக்கொண்டே வந்தன. லொம்பார்டி அவென்யூ, பார்ட் ஸ்டார் டிரைவ், பிரெட் ஃபார்வ் பாஸ். மைதானத்துக்கும் ரே நிட்ச்கி பயிற்சித் திடலுக்கும் நடுவே ஒரு சாலை. அதைக் கடக்க வீரர்கள் உள்ளூர்க் குழந்தைகளின் சைக்கிள்களைக் கேட்டு வாங்கி ஓட்டிப் போவார்கள். வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்து இந்தப் பழக்கம் நடக்கிறது. முழங்கால் நெஞ்சில் இடிக்க ஒரு ராட்சதர் ரோஜா நிறச் சிறு சைக்கிளை மிதித்துப் போக, சைக்கிளின் சொந்தக்காரி அவருடைய தலைக்கவசத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடினாள். வீட்டுக்காரர் தன் சைக்கிளில் யார் யார் ஏறினார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். அந்தப் பெயர்களில் பார்ட் ஸ்டார் இல்லை என்பது அவருக்கு இன்னும் குறைதான்.

ஸ்டாரிலிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும். 1956-இல் கல்லூரி வீரர்களுக்கான தேர்வில் 17-ஆவது சுற்றில், 200-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அவர் தலைமையில் பேக்கர்ஸ் 1961-க்கும் 1967-க்கும் இடையில் ஐந்து முறை பட்டம் வென்றது. முதல் இரண்டு சூப்பர் பவுல்களும் அதில் அடங்கும். 1967 டிசம்பர் 31 அன்று, பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ் குளிரில், டல்லாஸுக்கு எதிராகக் கடைசி வினாடிகளில் பந்தை யாரிடமும் கொடுக்காமல் தானே சுமந்துகொண்டு கோட்டுக்குள் விழுந்தார். அந்த ஆட்டத்தின்போது வீட்டுக்காரர் பதினாறு வயதுப் பையன். அப்பாவோடு அரங்கில் இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பலரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஸ்டாருக்கு அடுத்தவர் யார் என்று யாரும் திட்டமிடவில்லை. 1968 தொடங்கி 1991 வரை 24 பருவங்களில் இரண்டே இரண்டு முறைதான் இந்த அணி இறுதிச் சுற்றுகளை எட்டியது. 1974 அக்டோபரில், நெருக்கடியில் இருந்த பயிற்சியாளர் டான் டிவைன், லாஸ் ஏஞ்சலிஸ் அணியிடமிருந்து ஜான் ஹாடலை வாங்கினார். ஹாடலுக்கு அப்போது 34 வயது. அதற்கு விலை, அடுத்த இரண்டு ஆண்டுகளின் ஐந்து தேர்வு வாய்ப்புகள்; இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று.

இந்தத் தேர்வு வாய்ப்பு என்பது என்ன? கல்லூரி முடித்து வரும் வீரர்களை லீக்கின் அணிகள் ஆண்டுதோறும் ஏப்ரலில் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். இது ஏலம் அல்ல. பணம் கொட்டி முந்த முடியாது. போன வருடம் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, பட்டம் வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. ஆக, ஒரு முதல் சுற்று வாய்ப்பைக் கொடுப்பது விதைநெல்லைக் கொடுப்பது மாதிரி. டிவைன் அந்த விதைநெல்லை ஒரு வேளைச் சோற்றுக்குக் கொடுத்தார். பருவம் முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு ஹாடல் எறிந்த பந்துகளில் 6 கோலாயின, 21 எதிரிகள் கையில் சிக்கின. டிவைனுக்குப் பின் பயிற்சியாளராக வந்து அந்தக் காலிக் களஞ்சியத்தின் முன் நின்றவர் யார் தெரியுமா? பார்ட் ஸ்டார்! தன் இடத்துக்கு ஆள் தயாரிக்காததன் கடனை அவரே ஒன்பது பருவங்கள் அடைத்தார். 52 வெற்றி, 76 தோல்வி.

"அந்த மனுஷனை அப்படிப் பார்த்திருக்கக் கூடாது" என்றார் வீட்டுக்காரர். மேற்கொண்டு பேசவில்லை.

திடலில் வெயில் ஏறியது. சிவப்புச் சட்டையில் லவ்; சிவப்பு என்றால் பயிற்சியில் தொடக் கூடாதவர் என்று அர்த்தம். அவர் பின்னால் பத்தடி தள்ளி இரண்டாம் குவார்ட்டர்பேக் மாலிக் வில்லிஸ். நான் லவ்வைவிட வில்லிஸைத்தான் அதிகம் பார்த்தேன். லவ் பந்தை வாங்கி மூன்று அடி பின்வாங்கும்போது இவரும் வெறுங்கையோடு மூன்று அடி பின்வாங்கினார். லவ் இடப்பக்கம் பார்த்தால் இவர் தலையும் இடப்பக்கம். லவ் எறிந்தபோது இவர் எறியவில்லை, தோளை மட்டும் திருப்பி நிறுத்திக்கொண்டார். பந்து எங்கே போகிறது என்பதைவிட எங்கே போயிருக்க வேண்டும் என்பதில் அவர் கண் இருந்தது. 2024 செப்டம்பரில் லவ் முழங்காலில் அடிபட்டபோது, அணிக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த இந்த வில்லிஸ்தான் அடுத்த இரண்டு ஆட்டங்களைத் தொடங்கி இரண்டையும் வென்றார்.

நாற்றங்கால் என்று நமக்கு ஒரு சொல் இருக்கிறது. நடவுக்கு முன் நாற்றை நெருக்கமாக, தண்ணீர் கட்டி, காவல் வைத்து வளர்க்கும் சின்னப் பாத்தி. 1991 நவம்பரில் பேக்கர்ஸ் தலைவர் பாப் ஹார்லன் ரான் வுல்ஃப் என்பவரைப் பொது மேலாளராகக் கொண்டுவந்து, கால்பந்து முடிவுகளில் நிர்வாகக் குழு தலையிடாது என்று முழு அதிகாரம் கொடுத்தார். அந்த வுல்ஃப்தான் இங்கே நாற்றங்கால் போட்டவர். வந்த சில நாட்களில் அட்லாண்டாவில் ஓர் ஆட்டம். எதிரணியின் மூன்றாம் குவார்ட்டர்பேக் பயிற்சி எறிவதைப் பார்க்கவே கீழே போனார். அந்தப் பையன் அந்தப் பருவம் முழுக்க நான்கு பந்து எறிந்து, ஒன்றுகூடத் தன் ஆளைச் சேராமல், இரண்டை எதிரிக்குக் கொடுத்தவன். அவனுக்காக 1992 பிப்ரவரியில் வுல்ஃப் ஒரு முதல் சுற்று வாய்ப்பையே கொடுத்தார். மருத்துவப் பரிசோதனையில் இடுப்பெலும்பு சரியில்லை என்று தெரிந்தும் பின்வாங்கவில்லை. பிரெட் ஃபார்வ் அப்படித்தான் வந்தார். அதே செப்டம்பரில் அணியின் முதல் குவார்ட்டர்பேக் டான் மஜ்காவ்ஸ்கிக்குக் கணுக்கால் பிசக, ஃபார்வ் உள்ளே போனார். அடுத்த 16 வருடம் பேக்கர்ஸின் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல், வழக்கமான பருவத்தில் மட்டும் 253 ஆட்டங்களை வரிசையாகத் தொடங்கினார்.

ஆனால் நான் வியப்பது அடுத்து வுல்ஃப் செய்ததைத்தான். இப்படி ஓர் ஆள் கிடைத்த பிறகு அந்த இடத்தை மறந்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதுதானே மனித சுபாவம்? வுல்ஃப் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் இன்னொரு குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார். டை டெட்மர், மார்க் புருனெல், மேட் ஹாசல்பெக், ஆரன் புரூக்ஸ். முதல் சுற்றில் அல்ல, ஆறாம் சுற்று, ஐந்தாம் சுற்று என்று மலிவான இடங்களில். புருனெல் ஜாக்சன்வில்லுக்கும், புரூக்ஸ் நியூ ஆர்லியன்ஸுக்கும், ஹாசல்பெக் சியாட்டிலுக்கும் போய் அங்கெல்லாம் முதல் ஆளானார்கள். ஹாசல்பெக் சியாட்டிலை சூப்பர் பவுல்வரை கொண்டுபோனார். ஒரு நாற்றங்காலிலிருந்து மூன்று ஊர் வயலுக்கு நாற்று போயிருக்கிறது. அனுப்பியதற்குப் பதிலாகத் தேர்வு வாய்ப்புகளும் திரும்பி வந்தன.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்காரர் என்னை ஒரு தேவாலயத்தின் பின்புறம் கூட்டிப்போனார். பெரிய அண்டாவில் 'பூயா' கொதித்துக்கொண்டிருந்தது. பெல்ஜியத்திலிருந்து குடியேறியவர்கள் இந்தப் பக்கத்தில் வழக்கமாக்கிய குழம்பு: கோழி, மாட்டிறைச்சி, உருளை, கேரட், முட்டைக்கோசு. இரவெல்லாம் துடுப்பால் கிளற வேண்டும். எங்கள் மேசையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் எதற்கு வந்தேன் என்று சொன்னதுதான் தாமதம், 2008 ஆரம்பமாகிவிட்டது.

அந்தக் கதையின் தொடக்கம் 2005 ஏப்ரல் 23. ஃபார்வுக்கு அப்போது 35 வயது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஓய்வு பெறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த டிராஃப்டில் முதல் ஆளாகப் போகலாம் என்று பேசப்பட்ட கலிபோர்னியா பையன் ஆரன் ரோஜர்ஸ், தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்தே இருந்தான். முதல் இடம் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் போனது. ஒவ்வோர் அணியாகத் தாண்டிப் போனது. 24-ஆவது இடத்தில் பேக்கர்ஸின் புதிய பொது மேலாளர் டெட் தாம்சன் அவனை எடுத்தார். அணிக்கு அன்று அவசரமாக வேண்டியது குவார்ட்டர்பேக் அல்ல. அவசரம் இல்லாததால்தான் எடுக்க முடிந்தது என்று நினைக்கிறேன். வீட்டில் தீப்பிடித்தபின் கிணறு தோண்டுகிறவர்கள் அலெக்ஸ் ஸ்மித்தை எடுத்த சான் ஃபிரான்சிஸ்கோவைப் போல உடனே களத்தில் இறக்குவார்கள். ஸ்மித் முதல் வருடம் 1 கோல், 11 பறிகொடுப்பு. அவருக்குத் தாக்குதல் பயிற்சியாளர்கள் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டே இருந்தார்கள்.

ரோஜர்ஸ் மூன்று வருடம் நின்றான். 2006-இல் வந்த பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி, கல்லூரியில் பழகிய, பந்தைக் காதருகே உயர்த்திப் பிடிக்கும் பாணியை மாற்றினார். கால் வைப்பு, தோள் திருப்பம் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினார்கள். ஞாயிறுதோறும் ஆடுகிறவனுக்கு இதைச் செய்ய நேரமே கிடைக்காது. 2007 நவம்பர் 29 அன்று டல்லாஸில் ஃபார்வ் முழங்கையில் அடிபட்டு வெளியேற, 27-10 என்று பின்தங்கிய நிலையில் ரோஜர்ஸ் உள்ளே போய் 27-24 வரை கொண்டுவந்தான். தோற்ற ஆட்டம்தான். ஆனால் அன்றிரவு அணிக்குள் பலருக்குச் சந்தேகம் தீர்ந்தது.

ஊருக்குத் தீரவில்லை. 2008 மார்ச்சில் ஃபார்வ் அழுதுகொண்டே ஓய்வு அறிவித்தார். ஜூலையில் மனம் மாறித் திரும்பி வருகிறேன் என்றார். அணி, நாங்கள் முன்னே போய்விட்டோம் என்றது. ஆகஸ்ட் தொடக்கத்தில், குடும்பங்கள் வந்து பார்க்கும் இரவுப் பயிற்சி லாம்போவில் நடந்தபோது அரங்கின் ஒரு பகுதி ரோஜர்ஸைப் பார்த்துக் கூச்சலிட்டது. சில நாளில் ஃபார்வை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். ரோஜர்ஸின் முதல் பருவம் 6 வெற்றி, 10 தோல்வி. மறுவருடம் ஃபார்வ் பரம எதிரியான மின்னசோட்டாவின் ஊதாச் சட்டையில் இதே லாம்போவுக்கு வந்து ஜெயித்துவிட்டுப் போனார்.

குழம்பைக் கரண்டியால் அளைந்தபடி வீட்டுக்காரர் சொன்னார்: "அன்னிக்கு ராத்திரி கத்தினவங்கள்ல நானும் ஒருத்தன். இருபத்தி நாலு வயசுப் பையன். தலையைக் குனியலை, எங்களைத் திட்டலை. அடுத்த பந்தை எறிஞ்சான். எனக்கு அது இன்னிக்கும் வலிக்குது."

2011 பிப்ரவரியில் அதே பையன் பிட்ஸ்பர்கை 31-25 என்று வென்று சூப்பர் பவுல் கோப்பையோடு ஊர் திரும்பினான். லீக்கின் சிறந்த வீரர் விருது பிற்பாடு நான்கு தடவை.

சரித்திரம் அப்படியே திரும்பும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நாள்கூட மாறாமல் திரும்பியது. 2020 ஏப்ரல் 23. கொரோனாவால் எல்லோரும் வீட்டிலிருந்தபடி நடத்திய டிராஃப்ட். ரோஜர்ஸுக்கு 36 வயது. முந்தைய பருவத்தில் 13 வெற்றி, 3 தோல்வி. சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே தோற்றிருந்தார்கள். ஊர் முழுக்க, பந்தைப் பிடிக்கும் ஒரு நல்ல ரிசீவரை எடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பொது மேலாளர் பிரையன் கூட்டகுன்ஸ்ட் நான்காம் சுற்று வாய்ப்பு ஒன்றையும் கூடக் கொடுத்து 30-ஆம் இடத்திலிருந்து 26-க்கு ஏறி, யூட்டா மாநிலப் பல்கலையின் ஜோர்டன் லவ்வை எடுத்தார். கல்லூரியின் கடைசி வருடம் 20 கோல் எறிந்து 17 பறிகொடுத்த பையன்.

இந்த முடிவைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. எடுத்தது சரி, எடுத்த விதம் தவறு. ரோஜர்ஸிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சுவார்த்தை இன்னும் நன்றாக இருந்திருக்கலாம் என்று கூட்டகுன்ஸ்டே பிற்பாடு ஒப்புக்கொண்டார். பதினைந்து வருடம் வீட்டைத் தாங்கிய தூணிடம், பக்கத்தில் இன்னொரு தூண் நடப் போகிறோம் என்று சொல்வதால் திட்டம் கெட்டுப்போகாது. சொல்லாமல் விட்டதில் விளைந்த கசப்பு 2021 கோடை முழுக்க ஊரையே இரண்டாகப் பிளந்தது.

விலை அதோடு முடியவில்லை. ரோஜர்ஸ் ஆத்திரத்தில் இன்னும் நன்றாக ஆடி 2020, 2021 இரண்டு ஆண்டும் சிறந்த வீரர் விருதை வென்றார். இரண்டு ஆண்டும் பேக்கர்ஸ் இதே லாம்போவில், தன் சொந்த மண்ணில், இறுதிக் கட்டங்களில் தோற்றது: டாம்பா பேயிடம் 31-26, சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 13-10. அந்த முதல் சுற்று வாய்ப்பில் ஒரு ரிசீவர் வந்திருந்தால் என்ற கேள்வி பூயா மேசையில் அன்றும் எழுந்தது. நால்வரில் இருவர் ஒரு கோப்பை போயிற்று என்றார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

பணக் கணக்கும் இதற்கு எதிராகத்தான் இருக்கிறது. ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025-இல் அது 27.92 கோடி டாலர். வீரர் சங்கத்தோடு லீக் 2011-இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுமுக வீரர்களின் முதல் நான்கு வருடச் சம்பளம் குறைவாகவே கட்டப்பட்டிருக்கிறது. அதனால் இன்றைய அணிகள் இளம் குவார்ட்டர்பேக்கை முதல் நாளே ஆடவிட்டு, மிச்சப்படும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்புகின்றன. அந்த மலிவான நான்கு வருடங்களில் மூன்றை கிரீன் பே ஓரத்தில் நிற்கவைத்தே செலவழித்தது. 2023 ஏப்ரலில் ரோஜர்ஸை ஜெட்ஸுக்கே, ஆம், அதே ஜெட்ஸுக்கே அனுப்பியபோது, ஊரைவிட்டுப் போனவரின் பெயரில் 4 கோடி டாலருக்கு மேல் அந்த வருட வரம்பில் கழிந்தது. வரம்பு மொத்தமே அப்போது 22.48 கோடி. கணக்குப்பிள்ளை யாரும் இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்திருக்க மாட்டார்.

பிறகு ஏன் செய்கிறார்கள்? மாலையில் லாம்போவுக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் நான்கு சூப்பர் பவுல் கோப்பைகளுக்கு முன் நின்றபோது, விடை மைதானத்தில் இல்லை, வீட்டுக்காரரின் கூடத்துச் சுவரில் இருக்கிறது என்று தோன்றியது. மற்ற ஊர்களில் முதலாளிக்கு எழுபது, எண்பது வயது. அவர் கண்ணை மூடுமுன் ஒரு கோப்பை வேண்டும். பயிற்சியாளருக்கு இரண்டு வருடம்தான் தவணை. அவர் எதற்கு ஐந்து வருடம் கழித்துக் காய்க்கும் மரத்தை நடுவார்? இங்கே முதலாளி என்று தனி ஆள் கிடையாது. அணியின் தலைவர்கூட 70 வயதில் இறங்கியாக வேண்டும் என்பது விதி. தலைவராக இருந்த மார்க் மர்ஃபிக்கு 70 ஆவதற்கு ஒரு வருடம் முன்பே, 2024 ஜூனில், எட் பாலிசியை அடுத்தவராக அறிவித்துவிட்டார்கள். நான் போனபோது பாலிசி பொறுப்பேற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. தாம்சனும் கூட்டகுன்ஸ்டும்கூட வுல்ஃப் காலத்தில் இங்கே ஆள்தேடும் வேலையில் வளர்ந்தவர்கள். குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் போட்ட பாத்தி இல்லை இது.

வேறு ஊர்களிலும் இந்தப் பாத்தியின் நாற்று முளைத்திருக்கிறது. 1997, 98-இல் ஃபார்வுக்குக் குவார்ட்டர்பேக் பயிற்சியாளராக இருந்த ஆண்டி ரீட், பின்னாளில் கன்சாஸ் சிட்டிக்குப் போனார். 2017-இல் பாட்ரிக் மஹோம்ஸை எடுத்துவிட்டு உடனே ஆடவிடாமல் ஒரு பருவம் நிற்கவைத்தார். மஹோம்ஸ் யாருக்குப் பின்னால் நின்றார்? அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால். காத்திருக்கும் பாக்கியம் கிடைக்காத அந்த மனிதர், தன் இடத்தைப் பறிக்க வந்தவனுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ரோஜர்ஸைத் தயார்செய்வது தன் ஒப்பந்தத்தில் இல்லை என்று ஒரு காலத்தில் வெளிப்படையாகச் சொன்ன ஃபார்வை நினைத்தால், ஸ்மித்தின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

லவ் தன் முதல் வருடத்தில் ஒரு பந்தும் எறியவில்லை. கொரோனாவால் பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள்கூட ரத்து. மூன்றாம் ஆளாக, பல நாள் சீருடைகூடப் போடாமல் நின்றார். 2021 நவம்பரில் ஒருமுறை தொடங்கிக் கன்சாஸ் சிட்டியிடம் 13-7 என்று தோற்றார். 2022 நவம்பரில் பிலடெல்பியாவில் ரோஜர்ஸ் விலா எலும்பில் அடிபட்டபோது உள்ளே போய் கிறிஸ்டியன் வாட்சனுக்கு 63 கெஜம் பாய்ந்த ஒரு கோல் பந்து எறிந்தார். அவ்வளவுதான் மூன்று வருடக் கையிருப்பு. 2023-இல் முழுப் பொறுப்பு வந்தது. முதல் ஒன்பது ஆட்டங்களில் 3 வெற்றி, 6 தோல்வி.

"அப்ப ஊர் என்ன சொல்லிச்சு?" என்று கேட்டேன்.

"மத்தவங்களைத் தெரியாது. நான் வாயைத் திறக்கலை" என்றார் வீட்டுக்காரர். "ஒரு தடவை கத்தினது போதும்."

அந்தப் பருவம் 9-8 என்று முடிந்தது. இறுதிச் சுற்றில் டல்லாஸுக்கே போய் 48-32 என்று அடித்தார்கள். லவ் 32 கோல், 11 பறிகொடுப்பு. அடுத்த ஜூலையில் நான்கு வருடத்துக்கு 22 கோடி டாலர் ஒப்பந்தம். கோப்பை இன்னும் வரவில்லை. லவ் ரோஜர்ஸ் ஆவாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டாருக்குப் பிந்தைய அந்த 24 வருட வறட்சி திரும்பவில்லை.

கிளம்பும் நாள் காலையில் மறுபடி திடலுக்குப் போனோம். இரவு பெய்த மழையில் புல் நனைந்திருந்தது. வீட்டுக்காரர் பத்து வயதுப் பேத்தியையும் கூட்டி வந்திருந்தார். லவ் எறிவதை அவள் பார்த்தாள். தாத்தா என்னைப் போலவே பின்னால் நின்ற வில்லிஸைப் பார்த்தார்.

"இவனுக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"லவ்வுக்கு?"

"அவருக்கும் இருபத்தாறுதான்."

"அப்ப அடுத்தவன் இவன் இல்லை" என்றார். விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். ஃபார்வுக்கு 35 ஆனபோது ரோஜர்ஸை எடுத்தார்கள். ரோஜர்ஸுக்கு 36 ஆனபோது லவ்வை எடுத்தார்கள். லவ்வுக்கு 36 ஆவது 2034 நவம்பரில். ஆக, 2035 ஏப்ரல். அப்போது எடுக்கப்படப் போகிறவன் இப்போது எங்கோ ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருப்பான். இவருக்கு அப்போது 84 ஆகியிருக்கும்.

"அந்த ராத்திரி முழிச்சிருப்பேன்" என்றார்.

பயிற்சி முடிந்ததற்கான விசில் ஊதியது. பேத்தி தன் சைக்கிளை வேலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, இருக்கையில் நின்ற மழைத்தண்ணீரைச் சட்டைக்கையால் துடைத்துவிட்டு, யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.